பிளேடு அயர்னா, பிழை பொறுக்கும் அயர்னா? அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அயர்ன் எனப்படும், உலோகத் தலையுள்ள கோல்ஃப் மட்டைகளின் (கிளப்களின்) செட்டை மாற்றலாம் என்று யோசிக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். மெல்லிசாக, பளபளவென்று இருக்கும் பிளேடை எடுப்பதா, பின்பக்கம் குடைந்த கேவிட்டி பேக்கை எடுப்பதா? நான் இரண்டு வருடம் பிளேடு மட்டும் ஆடி, அப்புறம் கேவிட்டி பேக்குக்கு மாறியவன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், நான் பிளேடு வாங்கலாமா?

பெரும்பாலான அமெச்சூர்களுக்கு வேண்டாம் என்பதே என் பதில். பத்து முறை அடித்தால் எட்டு முறை பந்து கிளப் முகப்பின் (பந்தைத் தொடும் தட்டைப் பக்கத்தின்) நடுவில் படுகிறது என்று உங்களால் காட்ட முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். ‘காட்ட முடிந்தால்’ என்பதைக் கவனியுங்கள். ‘எனக்கு நல்லாத்தான் படுது’ என்ற நினைப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். எப்படிக் காட்டுவது என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

பிளேடின் பின்பக்கம் குடைவு இல்லாமல் வழவழவென்று இருக்கும். அடியில் மட்டும் சதைப்பிடிப்பாகக் கொஞ்சம் தடித்திருக்கும். அதனால் மசில் பேக் என்றும் சொல்வார்கள். தலை சிறியது, மேல்விளிம்பு மெல்லியது, சோல் எனப்படும் அடிப்பாகம் குறுகலானது. கேவிட்டி பேக்கில் முகப்புக்குப் பின்னால் இருக்கும் உலோகத்தைக் குடைந்தெடுத்து, அந்த எடையைத் தலையின் ஓரங்களுக்கும் அடிக்கும் கொண்டுபோயிருப்பார்கள். அயர்ன்களுக்கு எண் உண்டு; எண் சிறியதானால் கிளப் நீளம், தூரமும் அதிகம். எந்த வகையானாலும் 7 அயர்னின் தலை சுமார் 270 கிராம்தான் இருக்கும். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது நீளமான கம்பைக் குறுக்கே பிடித்திருப்பார். எடை இரண்டு பக்கமும் விலகி இருப்பதால் அந்தக் கம்பு சட்டென்று சாயாது. அவர் சுதாரித்துக்கொள்ள நேரம் கொடுக்கும். அதே எடையை மூட்டையாகக் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தால் அந்த உதவி கிடைக்காது. கேவிட்டி பேக் செய்வதும் இதைத்தான். இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்கிறோமே, அதுதான் இது. கிளப் விற்பவர்கள் எம்ஓஐ என்பார்கள்.

இப்போது மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. வெளியே பார்த்தால் பிளேடு மாதிரி, உள்ளே வெற்றிடம். 2017-இல் வந்த டெய்லர்மேட் பி790 இந்த வகையில் நன்றாகத் தெரிந்த பெயர். கண்ணுக்கு பிளேடும் வேண்டும், அடிக்குக் கொஞ்சம் துணையும் வேண்டும் என்பவர்கள் முதலில் இதை எடுத்து அடித்துப் பார்க்கலாம்.

இந்தக் குடைவு யோசனை யாருடையது?

இந்த வகை அயர்னைப் பரப்பியதில் பெரிய பங்கு கார்ஸ்டன் சோல்ஹைமுடையது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இன்ஜினியர். நாற்பது வயதைத் தாண்டித்தான் கோல்ஃப் ஆட ஆரம்பித்தார். பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடும் பட்டிங் சரியாக வரவில்லை. கோளாறு கையில் இருந்தாலும் கிளப்பால் அதைக் குறைக்க முடியும் என்று நினைத்து, எடையைத் தலையின் நுனிக்கும், தண்டுப் பக்கத்து ஓரமான ஹீலுக்கும் தள்ளி 1959-இல் ஒரு பட்டர் செய்தார். பந்து பட்டதும் எழுந்த ‘பிங்’ என்ற சத்தமே கம்பெனிக்குப் பெயராகிவிட்டது. அதே கணக்கை அயர்னுக்கும் கொண்டுவந்தார். 1982-இல் வந்த பிங் ஐ2 அயர்ன் உலகம் முழுக்க விற்றது.

இதை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிழை பொறுக்கும் கிளப் என்பது ‘ஆடத் தெரியாதவர்களுக்கு’ என்று யாரோ மேலிருந்து இறக்கிக் கொடுத்த சாமான் இல்லை. தாமதமாக ஆட வந்து, ஆட்டத்தின் மேல் பைத்தியமாக இருந்த ஒரு அமெச்சூர் தனக்காகச் செய்துகொண்ட தீர்வு அது.

நடுவில் படாத அடியில் என்னதான் நடக்கிறது?

பந்து முகப்பில் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 45.93 கிராமுக்கு மிகாத பந்துதான், ஆனாலும் அந்த நேரத்துக்குள் அது கிளப் தலையைத் தள்ளிவிடும். நடுவில், அதாவது தலையின் எடை மையத்துக்கு நேராகப் பட்டால் தலை திரும்பாது. வேகம் திருகலில் வீணாகாமல் பந்துக்குப் போகும். நுனிப்பக்கம் பட்டால் தலை அந்தப் பக்கம் பின்னால் திருகிக்கொள்ளும். பந்துக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி அந்தத் திருகலில் வீணாகிவிடும். பந்து குறைந்த வேகத்தோடு, கொஞ்சம் திசை மாறிக் கிளம்பும்.

ஆட்டத்தில் இது எப்படித் தெரியும்? கிரீனின், அதாவது குழி இருக்கும் வெட்டுப்புல் பரப்பின், நடுவுக்கு என்று கணக்குப் பண்ணி அடித்த பந்து, நேராகவே போய், கிரீனுக்கு முன்னால் இருக்கும் பங்கர் என்னும் மணல்குழியில் விழும். ‘தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டேன்’ என்று நினைப்போம். பல நேரம் கணிப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். அடி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டிருக்கும். அதே அடி கேவிட்டி பேக்கில் பட்டிருந்தால் கிரீனின் முன்விளிம்பையாவது தொட்டிருக்கும். பிழை பொறுப்பது என்றால் இவ்வளவுதான், இதற்கு மேல் மந்திரம் எதுவும் கிடையாது. ஆனால் பதினெட்டுக் குழியில் ஐந்தாறு முறை பங்கருக்குப் பதிலாக கிரீனின் விளிம்பு கிடைத்தால் அந்த நாளின் ஸ்கோர் வேறு.

இன்னொன்று, சிறிய தலையில் ஷாஃப்ட் எனப்படும் தண்டு நுழையும் கழுத்துப் பகுதியின் எடை பெரும் பங்கு ஆகிவிடுகிறது. அதனால் பிளேடின் எடை மையம் ஹீல் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். முகப்பின் கோடுகளுக்கு நடுவில் பட்டதாக நாம் நினைக்கும் அடிகூட உண்மையான மையத்திலிருந்து நுனிப்பக்கமாகத் தள்ளியிருக்கலாம். புதிய கிளப்களில் நுனிப்பக்கம் டங்ஸ்டன் என்ற உலோகத்தை வைப்பது இதைச் சரிக்கட்டத்தான். எஃகைப்போல அது சுமார் இரண்டரை மடங்கு அடர்த்தியானது.

எந்தப் பிழையை எந்தக் கிளப்பும் பொறுக்காது?

இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். முகப்பு வலப்பக்கம் பார்த்தபடி வந்தால் பந்து வலப்பக்கம்தான் போகும். வலக்கை ஆட்டக்காரரின் பந்தை வலப்பக்கம் வளைக்கும் ஸ்லைஸ் போடும் ஸ்விங்கை (கிளப்பை வீசும் விதத்தை) கேவிட்டி பேக் திருத்தாது. அது காப்பாற்றுவது அடி எந்த இடத்தில் பட்டது என்ற பிழையை மட்டும்.

பந்துக்குப் பின்னால் தரையைத் தோண்டும் அடிக்கு உதவுவது குடைவு இல்லை, சோலின் அகலம். அகலமான சோல் புல்லில் சறுக்கி முன்னேறும். குறுகலான சோல் மண்ணுக்குள் இறங்கிவிடும். உங்கள் முக்கியமான கோளாறு இதுதான் என்றால், கிளப்பைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதற்கு முன் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள்.

நான் எங்கே அடிக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே ஒன்று வாங்குங்கள். முகப்பில் லேசாக ஒரு பூச்சு போதும், வெள்ளையாகப் படியும். பந்தை அடித்தால் அதன் குழித்தடங்களோடு ஒரு வட்டம் அச்சு மாதிரி விழும். அதை போனில் படம் எடுத்துக்கொண்டு, துடைத்து, மறுபடி பூசி, அடுத்த பந்து. ஸ்ப்ரே இல்லையென்றால் வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முகப்பைப் பார்த்தபடி வைத்து அடித்தாலும் போதும்.

மூன்று விஷயங்களில் கவனமாக இருங்கள். ஒன்று, 7 அயர்னோடு நிறுத்தாமல் 5 அயர்னிலும் செய்யுங்கள். பிளேடு கழுத்தை அறுப்பது நீள அயர்னில்தான். இரண்டு, ரப்பர் விரிப்பில் அடித்து முடிவு பண்ணாதீர்கள். பந்துக்குப் பின்னால் பட்ட கிளப்பும் விரிப்பில் சறுக்கிக்கொண்டு வந்து பந்தை அடித்துவிடும். புல்லில் அந்தச் சலுகை இல்லை. மூன்று, கை சூடான பிறகு வந்த நல்ல பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் முதல் பத்தையும் எண்ணுங்கள். ஆட்டத்தில் எந்த ஷாட்டுக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

நான் முதல்முறை இதைச் செய்தபோது என் பிளேடு 6 அயர்னில் முப்பது பந்து அடித்தேன். படங்களை வரிசையாகப் பார்த்தால் வட்டங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் நெருக்கமாக இருந்தன. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், நெருக்கமாக இருந்தது நடுவில் இல்லை. நுனிப்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, முகப்பின் கீழ்ப்பாதியில். இரண்டு வருடமாக கிரீனுக்கு எட்டாமல் விழுந்த பந்துகளுக்கெல்லாம் காரணம் அந்த வெள்ளைப் பூச்சில் தெரிந்தது.

பிளேடு வைத்துப் பழகினால் ஸ்விங் தானாகத் திருந்தும் என்கிறார்களே?

இந்தக் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் சாகாமல் இருக்கிறது. பிளேடில் தப்பான அடி கையில் சுள்ளென்று தெரியும், சரியான அடி வெண்ணெயாகத் தெரியும். அடி தப்பு என்று தெரிவது நல்லதுதான். ஆனால் எந்தப் பக்கம் தப்பு, எவ்வளவு தப்பு, எதை மாற்றினால் சரியாகும் என்பதைக் கை சொல்லாது. அதை ஸ்ப்ரே சொல்லும், எந்தக் கிளப்பிலும் சொல்லும்.

எனக்கு நேர்ந்தது வேறு. தப்பான அடிகளின் வலிக்குப் பயந்து நீள அயர்னை இழுத்துப்பிடித்து அடிக்கத் தொடங்கினேன். ஸ்விங் சுருங்கியது. கஷ்டமான கிளப் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் என்று நம்பி, பயத்தைக் கற்றுக்கொண்டேன். வாரத்தில் நான்கு நாள் பயிற்சி செய்து, பக்கத்தில் ஒரு கோச்சும் இருப்பவருக்கு இது வேறு மாதிரி அமையலாம். வாரக் கடைசியில் மட்டும் கிளப்பைத் தொடுகிறவருக்கு அமையாது.

டூர் ஆட்டக்காரர்கள் (தொழில்முறை ஆட்டக்காரர்கள்) எல்லோரும் பிளேடுதானே ஆடுகிறார்கள்?

இல்லை. டைகர் உட்ஸ் தன் ஆட்ட வாழ்க்கை முழுக்க பிளேடு ஆடியவர். ரோரி மெக்கில்ராயும் பல வருடம் பிளேடு ஆடியவர். ஆனால் ஜோர்டன் ஸ்பீத் 2015 மாஸ்டர்ஸை வென்றது டைட்லிஸ்ட் ஏபி2 அயர்னோடு, புரூக்ஸ் கெப்கா 2017 யூஎஸ் ஓப்பனை வென்றது மிசுனோ ஜேபிஎக்ஸ் 900 டூர் அயர்னோடு. இரண்டும் கேவிட்டி பேக் வகை. உலகத்தில் பந்தை மிகச் சரியாக அடிக்கும் கைகளே ஓரத்து எடையை வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் எதற்குச் சொல்ல வேண்டும்? குட்டை அயர்னில் பிளேடு வைத்திருக்கும் பல புரொஃபஷனல்கள்கூட 3, 4 அயர்ன் இடத்தில் குடைவோ வெற்றிடமோ உள்ள கிளப்பைத்தான் பையில் வைக்கிறார்கள்.

பந்தை லேசாக இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைக்கும் டிராவும் ஃபேடும் பிளேடில்தான் வரும் என்பது உண்மையா?

பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகப்பின் திசை தீர்மானிக்கிறது. எவ்வளவு வளையும் என்பதை, முகப்பின் திசைக்கும் ஸ்விங் பாதைக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. இந்தக் கணக்கு எல்லாக் கிளப்புக்கும் ஒன்றுதான். சிறிய தலை கையில் சுலபமாகத் திரும்புவதால், வேண்டுமென்றே வளைப்பவருக்கு பிளேடு கொஞ்சம் சொன்னபடி கேட்கும். சரி, ஒரு சுற்றில் எத்தனை முறை நாம் வேண்டுமென்றே வளைக்கிறோம்? வேண்டாமல் வளைவதுதானே நம் பிரச்சினை.

அடி படும்போது பிளேடில் கிடைக்கும் அந்தச் சுகம்?

அது நிஜம். மறுக்கவே மாட்டேன். பிளேடில் நடுவில் பட்ட 7 அயர்ன் அடி, கையில் எதுவுமே படாத மாதிரி இருக்கும். பந்து மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதற்காகவே பிளேடை விடாமல் வைத்திருப்பவர்களை எனக்குப் புரிகிறது.

ஆனால் இதில் ஒரு குழப்பம் உண்டு. காய்ச்சி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு கிளப் என்றால் பிளேடு, வார்ப்பு என்றால் கேவிட்டி பேக் என்று பலர் நினைக்கிறார்கள். இது செய்முறை, அது வடிவம், இரண்டும் வேறு. காய்ச்சி அடித்த கேவிட்டி பேக் நிறைய உண்டு. மேலும், சுகம் என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு சத்தம். காதை நன்றாக அடைத்துக்கொண்டு இரண்டு வகையையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். மென்மையான எஃகில் செய்த ஃபோர்ஜ்டு கிளப்புக்கு நடைமுறையில் ஒரு நல்ல பலன் இருக்கிறது: லாஃப்ட்டையும் (முகப்பின் சாய்வு) லை கோணத்தையும் (தண்டு தரையோடு சேரும் கோணம்) சுலபமாக வளைத்துச் சரிசெய்யலாம்.

நண்பரின் புது 7 அயர்ன் என்னுடையதைவிட இருபது யார்டு அதிகம் போகிறதே?

கிளப்பின் அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்ட்டைக் கேளுங்கள். பிளேடு 7 அயர்ன் 34, 35 பாகை இருக்கும். தூரத்துக்காகச் செய்த புதிய கேவிட்டி பேக் 7 அயர்ன் 28 முதல் 30 பாகை. அது பழைய கணக்கில் 5 அயர்ன். எடையைக் கீழே இறக்கியிருப்பதால் பந்து உயரமாகவே கிளம்பும். அதனால் கண்ணுக்கு 7 அயர்ன் மாதிரியே தெரியும்.

பிழை பொறுக்கும் கிளப் வாங்கப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பொறுமை வேறு, தூரம் வேறு. லாஃப்ட் குறைந்தால் பந்தின் சுழற்சி குறையும். கிரீனில் பந்து நிற்க வேண்டுமானால் அது செங்குத்தாக இறங்க வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 7 அயர்ன் பந்து சராசரியாக 50 பாகை அளவில் இறங்குகிறது. உங்கள் பந்து 40-க்கும் கீழே இறங்கினால், கிரீனில் விழுந்து பின்பக்கம் ஓடிவிடும். ரஃப் எனப்படும் உயரப் புல்லிலிருந்து அடித்தால் புல் நடுவில் மாட்டிச் சுழற்சி இன்னும் குறைந்து, எதிர்பாராத தூரம் பறந்துவிடும். கிளப் பரிசோதிக்கும்போது பந்து பறப்பதை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் இருந்தால் தூரத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் இறங்கு கோணம், அடுத்தது நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் உள்ள தூர வித்தியாசம்.

இன்னொரு தலைவலியும் உண்டு. இந்தச் செட்டில் குறுந்தூர கிளப்பான பிட்சிங் வெட்ஜ் 43 பாகை அளவில் வந்துவிடும். உங்கள் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 13 பாகை ஓட்டை. அதை அடைக்க ஒன்றிரண்டு வெட்ஜ் தேவைப்படும். பையில் 14 கிளப்தான் அனுமதி என்பதால் நீளமான கிளப்களில் எதையாவது எடுத்துவிட வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பே இதை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

எந்த ஹேண்டிகேப் வந்தால் பிளேடுக்குப் போகலாம்?

அப்படி ஒரு எண் இல்லை. ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) என்பது பட்டிங், கிரீன் பக்கத்திலிருந்து தட்டி ஏற்றும் சிப்பிங், பொறுமை எல்லாம் சேர்ந்த கணக்கு. கிரீனைச் சுற்றி மாயம் செய்து ஹேண்டிகேப் 8 வைத்திருப்பவர் முகப்பு முழுக்க அடிக்கலாம். ஹேண்டிகேப் 15 உள்ளவர் அயர்னில் கில்லாடியாக இருந்து பட்டிங்கில் கோட்டைவிடலாம். எண்ணை விட்டுவிடுங்கள். வெள்ளைப் பூச்சில் விழுந்த வட்டங்களைப் பாருங்கள்.

இரண்டையும் கலந்து வைக்கலாமா?

வைக்கலாம். அழகான தீர்வும் அதுதான். 4, 5, 6 கேவிட்டி பேக். 7 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை பிளேடு. குட்டை அயர்னில் நம் அடி இயல்பாகவே நடுவுக்கு நெருக்கமாக விழும், கட்டுப்பாடும் தேவை. ஆனால் லாஃப்ட் படிகளைச் சரிபார்க்காமல் கலக்காதீர்கள். 26 பாகை கேவிட்டி 6 அயர்னுக்கு அடுத்து 34 பாகை பிளேடு 7 அயர்ன் வந்தால், இரண்டு கிளப்புக்கு நடுவில் ஒரு கிளப் அளவு பள்ளம் விழும்.

ஆஃப்செட் கண்ணை உறுத்துகிறது. அது இல்லாமல் கிடைக்குமா?

கிடைக்கும். முகப்பின் முன்விளிம்பு ஷாஃப்ட்டை விடக் கொஞ்சம் பின்வாங்கியிருப்பதுதான் ஆஃப்செட். முகப்பு மூடிக்கொள்ள ஒரு கணம் கூடுதலாகக் கிடைப்பதால், வலப்பக்கம் போகும் பந்துக்கு அது உதவும். ஏற்கெனவே இடப்பக்கம் இழுத்து அடிப்பவருக்கு உபத்திரவம். ‘பிளேயர்ஸ் கேவிட்டி’ என்று விற்கப்படும் வகையில் ஆஃப்செட் குறைவு, மேல்விளிம்பும் மெல்லியது. நான் ஆடுவது அதுதான்.

தலையைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஷாஃப்ட், நீளம், லை கோணம். லை கோணம் உங்களுக்குப் பொருந்தாமல், அடிக்கும்போது நுனி தூக்கிக்கொண்டிருந்தால், வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். எந்தத் தலை வாங்கினாலும் இந்தக் கோளாறு கூடவே வரும். பொருந்தாத கேவிட்டி பேக்கை விட, அளந்து சரிசெய்த பிளேடு நன்றாக ஆடும்.

எனக்கு பிளேடு பிடித்திருக்கிறது. ஸ்கோர் இரண்டாம்பட்சம். தப்பா?

தப்பே இல்லை. உங்கள் ஆட்டம், உங்கள் ஞாயிற்றுக்கிழமை. கிளப்பைப் பந்துக்குப் பின்னால் வைத்துக் குனிந்து பார்க்கும்போது மனசு குளிர வேண்டும். பிடிக்காத கிளப்பை யாரும் நன்றாக அடித்ததில்லை. நான் மறுப்பது ஒன்றை மட்டும்தான்: பிளேடு வைத்திருந்தால்தான் ஆட்டக்காரன் என்ற எண்ணத்தை. அந்த எண்ணத்தில் வாங்கி, ஆட்டம் கசந்து, கிளப் பையை மூலையில் சாத்திவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பிளேடு செட்டை என்ன செய்வது?

விற்றுவிடலாம், ஆனால் 7 அயர்னை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன். பயிற்சி ரேஞ்சுக்குப் போனால் முதல் பத்துப் பந்து அதில்தான். பாதி ஸ்விங், அவசரமில்லாமல், முகப்பில் வெள்ளைப் பூச்சோடு. கடந்த சில மாதங்களாக வட்டங்கள் நுனியிலிருந்து மெல்ல உள்ளே நகர்ந்துவருகின்றன. கீழ்ப்பாதியை விட்டு மேலே ஏறவில்லை. இப்போது அதில்தான் வேலை நடக்கிறது.